முத்திரை வைத்த டிக்கி

மாங்குழிவிளைக்காரர்கள் சட்டமன்றத் தேர்தல் அன்று, வெயில் தாழட்டும் என்று வீட்டில் இருப்பார்கள். சில பேர் தாழ்ந்த பிறகும் கிளம்பமாட்டார்கள். ஆனால் தங்கள் திருச்சபைச் செயலர் தேர்தல் என்றால் மஸ்கட்டில் இருப்பவன்கூட லீவு போட்டு விமானம் ஏறி வந்துவிடுவான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியதுண்டு. நிச்சயம் பண்ணின கல்யாணம் தள்ளிப் போனதுண்டு. பாடகர் குழுவில் ஒரு கட்சிக்காரர்கள் வேகமாகவும் மறு கட்சிக்காரர்கள் மெதுவாகவும் ஒரே பாட்டைப் பாடி ஆண்டவரையே திகைக்க வைத்ததும் உண்டு. இத்தனைக்கும் செயலருக்குச் சம்பளம் கிடையாது. கல்யாண வீட்டில் போதகருக்குப் பக்கத்து நாற்காலி கிடைக்கும். அந்த நாற்காலிக்குத்தான் இந்தப் பாடு.

இந்தத் தடவை நாற்காலிக்கு இரண்டு பேர். ஒருவர் டென்னிசன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வாழைத்தோட்டம் வைத்திருப்பவர், யார் பேசினாலும் நடுவில் திருத்துகிறவர். மற்றவர் ஜெஸ்பின், கத்தாரில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்து ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறவர், 'அங்க எல்லாம் சிஸ்டம்' என்று சொல்லாமல் ஒரு சாயாகூடக் குடிக்கமாட்டார். சபையில் விளக்கு மாற்றுவதிலிருந்து கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதுவரை இந்த இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதே கிடையாது. பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம், தேர்தல் அதிகாரியாக ராஜையனை நியமிக்கிற காகிதம்தான்.

ராஜையனுக்கு அதில் உண்டான பெருமை கொஞ்சநஞ்சமில்லை. தாலுகா ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார். 'நம்ம ராஜையன் சார் நடுநிலை தவறாதவர்' என்று போதகர் பிரசங்க பீடத்தில் நின்று சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுக்காரனுக்கு மகன் கனடாவில் இருக்கிறான். எதிர் வீட்டுக்காரனுக்கு மூன்று மாடி வீடு இருக்கிறது. நமக்கு இந்த ஒரு பேர்தான் இருக்கிறது, இது போதும் என்று அன்று ராத்திரி மனைவி தேவகனியிடம் சொன்னார். அவள் தூங்கியிருந்தாள்.

அவருடைய நடுநிலை ஆபீஸ் காலத்திலேயே பக்குவப்பட்டது. வரப்புத் தகராறில் ஒரு கட்சிக்காரன் கிறிஸ்துமஸ் கேக் கொண்டுவந்தால், மறு கட்சிக்காரனும் கொண்டுவருகிறவரை ராஜையன் அதை வெட்டமாட்டார். இரண்டும் வந்து சேர்ந்த பிறகு இரண்டையும் வெட்டுவார். ஒருதலைப்பட்சம் என்ற பேச்சுக்கே இடம் கொடுத்ததில்லை.

தேர்தல் நாள் காலையில் கிளைச்சபையில் ஓட்டுப் பதிவு நடந்தது. அந்தப் பெட்டியை மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெரிய சபைக்குக் கொண்டுவந்து, அங்கே பதிவான பெட்டியோடு சேர்த்து எண்ண வேண்டும். ஆட்டோவில் ஏற்றலாம் என்றார்கள். ஆட்டோக்காரன் டென்னிசனின் மச்சினன் மகன். ஜீப்பில் ஏற்றலாம் என்றார்கள். ஜீப்பு ஜெஸ்பினுடையது. தலையில் சுமக்கலாம் என்றால் யார் தலையில் என்று கேள்வி வந்தது.

"எனக்க காரு இருக்குல்லா" என்றார் ராஜையன்.

அந்தக் காருக்கு இருபத்துமூன்று வயது. செய்த கம்பெனிக்காரனே அதை மறந்திருப்பான். ஆனால் ராஜையன் அதை வாரத்துக்கு இரண்டு முறை குளிப்பாட்டுவார். டிக்கியைத் திறக்க அதில் இரண்டு வழி. பின்னால் சாவித் துளை ஒன்று. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தரையோடு ஒட்டிய சின்ன லிவர் ஒன்று. லிவரை இழுத்தால் ஒரு கம்பிக் கேபிள் காரின் அடிவழியாகப் போய் டிக்கிப் பூட்டை விடுவிக்கும்.

பெட்டியை எல்லார் கண் முன்னாலும் காலி டிக்கியில் வைத்து மூடினார்கள். மூடியதோடு விட்டிருந்தால் ராஜையன் சாதாரண மனிதர் ஆகிவிடுவாரே! பழைய ஆபீஸ் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த சிவப்பு அரக்கை எடுத்தார், மெழுகுவர்த்தியில் உருக்கினார், டிக்கியின் சாவித் துளையில் சொட்டுச் சொட்டாக ஊற்றி அதன்மேல் சபை முத்திரையை அழுத்தினார். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. அரக்கைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள் செல்போனில் படம் பிடித்தார்கள். 'இனி எறும்பு போவாது' என்றார் ஒரு பெரியவர். உள்ளே ஒரு லிவர் இருப்பதை யாரும் நினைக்கவில்லை. ராஜையனும் அப்போது நினைக்கவில்லை. அதில் பொய் கிடையாது.

பிறகு எல்லாரும் மதியச் சோறு தின்ன ஹாலுக்குப் போனார்கள். ராஜையன் போகவில்லை. காருக்குக் காவலாக மாமரத்து நிழலில் நின்றார். அப்போதுதான் பின்சுவர்ப் பக்கமாக டென்னிசன் வந்தார். தோளில், சிப்ஸ் வறுக்கிற ஏத்தன் வாழைக் குலை ஒன்று. முழங்கால்வரை தொங்கியது.

"சாரு சாப்பிடப் போகல்லியா?"

"பெட்டிய விட்டுட்டு எப்பிடிப் போவேன் டென்னிசா?"

"அதாக்கும் சாரு! இது ஓட்டுக்கு உள்ளதில்ல, கேட்டியளா. தோட்டத்துல இந்த வருசத்து மொத வெட்டு. தேவகனி அக்காவுக்கு உப்பேரி வறுக்க."

"வேண்டாம். எலெக்ஷன் முடியட்டும்."

"முடியும்ப பழுத்துருமே சார். பழுத்தா உப்பேரிக்கு ஆவாது."

ராஜையன் மூன்று தடவை மறுத்தார். இயேசுவைப் பேதுருவும் மூன்று தடவைதான் மறுத்தான். அதற்குமேல் மனிதனால் முடியாது. டென்னிசன் குலையை பானட்டின்மேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். வெள்ளைக் காரின்மேல் பச்சைக் குலை, ஊருக்கே தெரிகிற மாதிரி. ஹாலில் யாரோ கை கழுவுகிற சத்தம் கேட்டது. இப்போது குலையை வாங்குவதா வேண்டாமா என்பதல்ல கேள்வி, எங்கே மறைப்பது என்பதுதான். ராஜையன் டிரைவர் கதவைத் திறந்து குனிந்து லிவரை இழுத்தார். டிக்கி திறந்தது. முத்திரை அசையவில்லை, ஒரு கீறல் விழவில்லை. குலை உள்ளே போயிற்று.

பத்து நிமிஷம் கழித்து ஜெஸ்பின் வந்தார். கையில் வருக்கச் சக்கை, அதாவது உயர்ந்த ஜாதிப் பலாப்பழம், ஆறு மாதக் குழந்தை அளவுக்கு.

"சார், இது கைக்கூலி ஒண்ணுமில்ல. அங்க எல்லாம் ஒரு சிஸ்டம் உண்டு, ஆப்பீசருக்கு ஒரு மரியாதை குடுப்பாங்க."

இந்த இடத்தில் ராஜையனைக் குற்றம் சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒருவரிடம் குலையை வாங்கிவிட்டு மற்றவரிடம் சக்கையை மறுத்தால் அதற்குப் பெயர் என்ன? பாரபட்சம். நாக்கில் நரம்பில்லாமல் நாளைக்கு நாலு பேர் பேசமாட்டார்களா? நடுநிலைக்காகவே அவர் சக்கையை வாங்கினார். மறுபடியும் லிவரை இழுத்தார். இந்தத் தடவை எங்கோ உள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. லிவர் கையில் தளர்ந்தது. டிக்கி திறந்துவிட்டது, அதனால் அவர் அந்தச் சத்தத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சக்கையைக் குலைக்கும் பெட்டிக்கும் நடுவில் திணித்து மூடினார்.

பெரிய சபைக்குப் போனதும் காரைப் பின்னால் எடுத்துச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, டிக்கியைக் கால்வாசி திறந்து பெட்டியை மட்டும் உருவிவிடுவது என்று வழி முழுக்கத் திட்டம் போட்டார். பின் சீட்டில் இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் எச்சில் விழுங்குகிற சத்தம்கூட மற்றவனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று உட்கார்ந்திருந்தார்கள்.

பெரிய சபை முற்றத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். சுவரும் இல்லை, ஒட்டவும் இல்லை. கார் நிற்பதற்குள் கூட்டம் டிக்கியைச் சூழ்ந்துவிட்டது. முத்திரையை எல்லாரும் பார்த்தார்கள். அப்படியே இருக்கிறது என்று இரண்டு ஏஜெண்டுகளும் எழுதிக் கொடுத்தார்கள். ராஜையன் அரக்கை உடைத்தார். சாவியை நுழைத்தார். போகவில்லை. காலையில் எறும்பு போகாது என்று சொன்னது உண்மைதான், சாவியும் போகவில்லை. அரக்கு துளைக்குள் இறங்கிக் கல்லாகியிருந்தது.

தீக்குச்சி காட்டி உருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னதும் முந்நூறு பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். அந்த அமைதியில் ஜெஸ்பினின் ஏஜெண்ட் கேட்டான்:

"சாரே, இந்த மாடலுக்கு உள்ள லிவர் உண்டுல்லா?"

ராஜையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. லிவர் இருக்கிறதென்றால் சாவித் துளையில் முத்திரை வைத்ததற்கு என்ன அர்த்தம் என்று மெள்ள மெள்ள ஒவ்வொரு முகத்திலும் விளங்கிக்கொண்டு வந்தது.

"அது... அது ரெண்டு வருசமா வேல செய்யாது" என்றார். வாயில் வந்தது அதுதான். போய் இழுத்தும் காட்டினார். லிவர் செத்த பாம்பு மாதிரி கையோடு வந்தது. அந்த நிமிஷம் அவருக்கு உண்டான நிம்மதியைச் சொல்ல முடியாது. கேபிள் அறுந்து கிடக்கிறது! அறுந்த கேபிளால் ஒருவனும் டிக்கியைத் திறந்திருக்க முடியாது. கர்த்தர் கைவிடவில்லை.

"கண்டியளா? நான் சொல்லுதது பொய்யா?" என்று லிவரை எல்லாருக்கும் ஆட்டிக் காட்டினார்.

கடப்பாரை கொண்டுவா என்று ஒரு குரல் எழுந்தது. ராஜையன் காருக்கு முன்னால் கையை விரித்து நின்றார். காருக்காகவும்தான், ஆனால் அதைவிட, டிக்கி அந்தக் கூட்டத்தின் முன்னால் திறக்கவே கூடாது. நேரம் போக வேண்டும், ஆள் கலைய வேண்டும், இருட்ட வேண்டும். அதற்கு ஆபீஸ் அனுபவம் கைகொடுத்தது. ஒரு காரியம் நடக்கக் கூடாதென்றால் அதற்கு ஒரு விதி போட்டால் போதும்.

"பெட்டி இருக்க வண்டியத் தொடுத மெக்கானிக்கு நடுநிலையானவனா இருக்கணும். ரெண்டு கட்சிக்கும் சம்மதமாட்டு உள்ளவன் வரட்டும்" என்றார்.

அதில் யாருக்கும் குறை தெரியவில்லை என்பதுதான் மாங்குழிவிளை. முந்நூறு பேரும் தலையாட்டினார்கள். முக்கு ரோட்டு மெக்கானிக் டென்னிசனிடம் படித்தவன்; ஜெஸ்பின் கட்சி மறுத்தது. பெட்ரோல் பங்க் பக்கத்து மெக்கானிக்கின் கடைத் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டியது ஜெஸ்பின். டென்னிசன் கட்சி மறுத்தது. மூன்றாமவன் போன வருஷம் இந்தச் சபையை விட்டு வேறு சபைக்குப் போனவன். அவனை இரண்டு கட்சியும் சேர்ந்து மறுத்தார்கள். எல்லை தாண்டி, களியக்காவிளைக்கு அப்புறமிருந்து ஒரு மலையாளத்தானைக் கூப்பிடலாம் என்றார் ஒருவர். அவனுக்கு ஓட்டுச் சீட்டு வாசிக்கத் தெரியாது, அது நல்லது என்றார் இன்னொருவர். இப்படியே ஒன்றரை மணி நேரம் போயிற்று. ஆள் ஒன்றுகூடக் கலையவில்லை. சபைச் சமையல்காரர் சாயா போட்டுவிட்டார்.

ராஜையன் கணக்கில் எடுக்காத ஒன்று மே மாத வெயில். தகரத்துக்குள் பூட்டிக் கிடந்த வருக்கச் சக்கை சூடேறியது. மூன்றரை மணிவாக்கில் பெண்கள் நிற்கிற பக்கத்திலிருந்து தேவகனியின் குரல் கேட்டது.

"எங்கிருந்து வருக்கச் சக்க மணம் வருது?"

"பொறத்த மரம் நிக்குல்லா" என்றார் ராஜையன் அவசரமாக.

"சர்ச்சுக்குப் பொறத்த ஏது சக்க மரம்? கல்லறையில்லா கிடக்கு!"

எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். டென்னிசன் உறிஞ்சினார், அவருக்கு விளங்கவில்லை. ஜெஸ்பின் உறிஞ்சினார், அவருக்கு விளங்கிவிட்டது. அவர் கூட்டத்தைவிட்டு மெதுவாக நகர்ந்து போய்ச் சாயா குடிக்கிற மாதிரி நின்றார். அந்தத் தடவை 'சிஸ்டம்' என்று சொல்லவில்லை.

நாலரை மணிக்குத் தக்கலையிலிருந்து மெக்கானிக் கிருஷ்ணமணி ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பது வயது, நெற்றியில் சந்தனம், சீட்டுக்கடியில் சாக்கில் கட்டிய சாமான்கள். இரண்டு கட்சிக்கும் அவர் முன்பின் அறியாதவர். தமக்கு எந்தக் கட்சியிலும் உறவில்லை என்று அவரிடம் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கினார்கள். அவர் மறுக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"நமக்க கோயில் கமிட்டிக்கும் போன மாசம் எலெக்ஷன் நடந்தது. எனக்க மண்டையப் பொளந்துட்டானுவ. நீங்க எவ்வளவோ பரவாயில்ல" என்றார்.

கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றினார். லிவரோடு ஒட்டியிருந்த கேபிளை இழுத்தார். முழங்கை நீளத்துக்குக் கம்பி வந்து முடிந்தது. முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"சாரே, இது இண்ணைக்கு அறுந்ததாக்கும்."

"ரெண்டு வருசம்னு சொன்னாரே!" என்று நாலைந்து குரல்.

"ரெண்டு வருசமானா முன துருவெடுத்துச் செவப்பாயிரும். இது வெள்ளி மாதிரி மினுங்குது. வேணும்னா பாருங்க." மெக்கானிக் கம்பியைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் கொடுத்தார். காணிக்கைப் பை மாதிரி அது கை கையாகப் போயிற்று. ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு ராஜையனைப் பார்த்தார்கள்.

"இப்பம் நான் இழுத்துக் காட்டினேன்லா, அப்பம் அறுந்திருக்கும்" என்றார் ராஜையன், மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. அப்படியானால் அதுவரை வேலை செய்தது என்றாகிறது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தேவகனி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். நாற்பது வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள்; அவர் கண்ணாடியை இத்தனை தடவை கழற்றித் துடைத்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

கிருஷ்ணமணி பின் சீட்டைத் தூக்கி வெளியே வைத்தார். அதன் பின்னால் இருந்த அட்டையை நெம்பி விலக்கி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே விட்டு எட்டிப் பார்த்தார். பிறகு கையாட்டி ராஜையனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். முந்நூறு பேருக்கு நடுவில், சீட்டில்லாத காருக்குள் இரண்டு பேரும் குத்தவைத்து உட்கார்ந்தார்கள்.

"சாரே, உள்ள ஒரு வாழக் கொலையும் ஒரு சக்கையும் கிடக்கு."

ராஜையன் தலைகுனிந்தார்.

"சாருக்க வீட்டுக்கு உள்ளதா?"

"ம்."

"ரெண்டும் ரெண்டு எடத்துலயிருந்து வந்ததா?"

கிருஷ்ணமணி புரிந்துகொண்டு தலையை ஆட்டினார். அவர் நல்ல மனிதர். குரலை இன்னும் தாழ்த்தினார்.

"பெட்டிய மட்டும் இதுவழி எடுக்கலாமான்னு பாத்தேன். சக்க வழிய அடச்சுக் கிடக்கு, அது எளகி ஒட்டிப்போச்சு. அறுந்த கேபிளுக்கு மறுபாதி இந்தா இருக்கு. பிளையர்ல பிடிச்சு இழுத்தா டிக்கி திறந்துரும். வேற வழியில்ல. இழுக்கட்டா?"

"நில்லு" என்றார் ராஜையன். காரிலிருந்து இறங்கினார். கையைத் தூக்கினார். "நேரம் ஆயிட்டு. எண்ணுதத நாளைக்கு வச்சுக்கிடலாம். வண்டிய அப்பிடியே பூட்டி, சுத்தியும் கயிறு கெட்டி, நான் காவல் இருக்கேன்."

கூட்டம் கத்துவதற்குள் டென்னிசன் முந்திக்கொண்டார். "அது நல்ல யோசன. எனக்குச் சம்மதம்." அவர் குலையை நினைத்துச் சொன்னார்.

"எனக்கும் சம்மதம்" என்றார் ஜெஸ்பின், சாயா டம்ளரோடு. அவர் சக்கையை நினைத்துச் சொன்னார்.

அதுதான் கெடுத்தது. டென்னிசனும் ஜெஸ்பினும் ஒரே வாக்கியத்துக்குச் சம்மதம் சொல்லி அந்தச் சபை கேட்டதில்லை. அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இந்த இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள் என்றால் உள்ளே ஏதோ பெரிய காரியம் இருக்கிறது. 'திறக்கணும், இப்பமே திறக்கணும்' என்று முற்றம் அதிர்ந்தது. போதகர் வந்து கை கூப்பி, ஆறு மணிக்குத் தனக்கு வேறு ஊரில் ஜெபக்கூட்டம் இருப்பதாகச் சொன்னார். திறந்துவிட்டால் எல்லாருக்கும் ஆசீர்வாதம் என்றார்.

ராஜையன் காருக்குள் இருந்த கிருஷ்ணமணியைப் பார்த்தார். கிருஷ்ணமணி அவரைப் பார்த்தார். வேறு என்ன செய்வது? ராஜையன் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார்.

கேபிளைப் பிளையர் இழுத்தது. டிக்கி மூடி ஒரு பெருமூச்சோடு மேலே வந்தது. சக்கை மணம் முற்றத்தில் இறங்கியது. காலையில் எல்லாரும் பார்த்த காலி டிக்கியில் பெட்டிக்கு இந்தப்புறம் முழு ஏத்தன் குலை ஒன்று, நடுவில் வெடித்துப் பிசின் ஒழுகுகிற வருக்கச் சக்கை ஒன்று. பெட்டியின் பூட்டும் சீலும் அப்படியே இருந்தன. அதை யாரும் பார்க்கவில்லை.

ராஜையன் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார். துப்புவார்கள் என்று நினைத்தார். சட்டையைப் பிடிப்பார்கள் என்று நினைத்தார். இனி இந்தச் சபைக்குள் நான் கால் வைக்க முடியாது, நடுநிலை ராஜையன் இன்றோடு செத்தான் என்று நினைத்தார். பேச வாயைத் திறந்தார்.

அதற்குள் முதல் குரல் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது.

"இவ்வளவு பெரிய கொலையா! எங்களுக்கு ஒரு சீப்பில்லா தந்தாரு டென்னிசன் சாரு?"

"ஒனக்குச் சீப்பா? எங்களுக்கு நாலு காயி. நாங்க ஒம்பது ஓட்டு உண்டு, தெரியுமா?"

"ஜெஸ்பினு எங்க வீட்டுக்குக் கவர்ல பத்து சுளை கொண்டு தந்தான். இவருக்கு முழுச் சக்கையா? அதுவும் வருக்க! எங்களுக்குத் தந்தது கூழச் சக்க, கையெல்லாம் வழிஞ்சுது."

பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. யார் யாருக்கு எத்தனை காய், எத்தனை சுளை என்று குடும்பம் குடும்பமாகக் கணக்கு வெளியே வந்தது. கிளைச்சபைக்காரர்களுக்குப் பெரிய சபைக்காரர்களைவிடக் குறைவாகப் போயிருப்பது தெரியவந்து அதில் தனியாக ஒரு சண்டை மூண்டது. டென்னிசனும் ஜெஸ்பினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, அடுத்த தடவை எல்லாருக்கும் சமமாகப் பார்த்துக்கொள்வதாகச் சமாதானம் சொன்னார்கள். டிக்கி எப்போது திறந்தது, யார் திறந்தார்கள் என்று ஒருவரும் ராஜையனைக் கேட்கவில்லை.

அவருக்கு அது பொறுக்கவில்லை. "நான் வாங்கினது தப்பு!" என்று கத்தினார். "நீங்க என்னைய நம்பி வச்சிய. நான் ரெண்டு பேரட்டயும் வாங்கிப்போட்டேன். எனக்கு இந்தப் பதவிக்கு யோக்கியத இல்ல!"

ஓட்டு எண்ண வந்திருந்த சுபிதா, வங்கியில் வேலை பார்க்கிற பெண், பெட்டியைத் தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்த்தாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. பெரியவரை ஆறுதல்படுத்த வேண்டும் என்று மனதாரத்தான் சொன்னாள்.

"எதுக்கு சார் வெசனப்படுதிய? ரெண்டு பேரட்டயும் வாங்குவியன்னு தெரிஞ்சுதானே ஒங்கள வச்சது. ஒருத்தன்கிட்ட மட்டும் வாங்குத ஆள வச்சா சண்டையில்லா வரும். தாலுகா ஆபீஸ்லயும் நீங்க அப்பிடித்தான்னு எங்க அப்பா சொல்லுவாரு. வாங்க சார், இருட்டும் முன்ன எண்ணணும்."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் ராஜையனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். பெட்டி உள்ளே போயிற்று, அதன் பின்னாலேயே கூட்டமும் போயிற்று. தேவகனி குலையைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினாள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். இத்தனை வருஷம் அந்தப் பேரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தவர் அவர். கையில் பாத்திரமே இல்லை என்பது ஊரில் எல்லாருக்கும் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. போதகர் பீடத்தில் சொன்னபோது தலையாட்டிய அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

கிருஷ்ணமணி தம் வேலையை விடவில்லை. ஒரு பைக் கிளட்ச் கேபிளின் உள்கம்பியை உருவி, அளவுக்கு வெட்டி, பழைய உறைக்குள் கிரீஸ் தடவி நுழைத்து, டிக்கிப் பூட்டில் ஒரு முனையையும் லிவரில் மறுமுனையையும் மாட்டி முறுக்கினார். சீட்டை உள்ளே வைத்தார்.

"இழுத்துப் பாருங்க சார்."

ராஜையன் குனிந்து இழுத்தார். டிக்கி திறந்தது.

"நல்லா கிரீஸ் விட்டிருக்கேன். இனி சத்தமே கேக்காது, பக்கத்துல நிக்குதவனுக்குக்கூடத் தெரியாது" என்றார் கிருஷ்ணமணி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. "அடுத்த எலெக்ஷனுக்கும் சாருதான்னு அங்க பேசிக்கிட்டாங்க."

மைக்கில் தேர்தல் அதிகாரியைக் கூப்பிட்டார்கள். ராஜையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நனைந்தது கண்ணாடி இல்லை என்பதால் எவ்வளவு துடைத்தும் சரியாகத் தெரியவில்லை. அப்படியே மாட்டிக்கொண்டு ஓட்டு எண்ணப் போனார்.